எழுதாததைக் கிழித்தவர்

"ஏணி மேல நின்னு ஏணியக் கழட்டிட்டிருக்கேன் மேடம். இதுக்குன்னு இந்த ஊர்ல தனிக் கூலி ஏதாச்சும் உண்டா?"

மதுவிலக்கு மன்றத்தின் சுவரிற் சார்த்தியிருந்த மர ஏணியின் உச்சியினின்று நெட் குவார்ம்பி வினவினான். கீழே துப்பறிவாளர் மிஸ் ஆனர் ஸ்கெல்டன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறொரு நாளாயின், இவ்வூரை நன்கறிந்த தம் உதவியாளனுடைய வாய்க்கு அவர் சரிக்குச் சரி ஈடு கொடுத்திருப்பார். அன்று அவருக்கு அது கூடவில்லை. சனிக்கிழமை மாலை இதே மன்றத்தில் அவருடைய நாவினின்று நழுவிய ஒரு வாக்கியம், திங்கட்கிழமை நண்பகலாகியும் அவரை உண்ணவிடாமல் வருத்திக்கொண்டிருந்தது.

ஸ்கார்த்விக் துறைமுகத்தார் 'ஏணி' என்று சொல்வது மரத்தாலானதன்று. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, படிக்கு ஓரெழுத்தாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் பொருளுள்ள சொல்லே நிற்குமாறு இறங்கி, முற்றும் வேறான இன்னொரு சொல்லைச் சென்றடைதலே அவர்களுடைய ஏணி. குளிர்காலந்தோறும் அதற்கொரு கோப்பை உண்டு. குறைந்த படிகளில் கட்டி, முதலிற் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அது உரியது. கொடுக்கப்பட்ட இரு சொற்களும் கரும்பலகையில் எழுதப்படும். போட்டி முடியுமளவும் எவரும் அவற்றை வாயாற் சொல்லுதல் கூடாது. ஒலி எழுத்தை மயக்கிவிடும் என்பது அவ்வூராரின் பழைய கொள்கை.

இவ்வாண்டின் சொற்கள் மீனும் படகும். அவர்களுடைய ஆங்கிலத்தில் ஃபிஷ், போட் என நான்கு நான்கு எழுத்துகள். ஏறக்குறைய எல்லாரும் மிஸ்ட் என்னும் மூடுபனியின் வழியாகவும் மோட் என்னும் அகழியின் வழியாகவும் இறங்கிப் படகை அடைந்தனர். இருவர் மட்டும் சிஸ்ட், அதாவது பழங்காலக் கல்லறையாகிய கற்பதுக்கை, என்னும் அரிய சொல்லின் வழியே இறங்கியிருந்தனர். ஒருவர், கோப்பையைப் பல்லாண்டுகளாகத் தம் வீட்டிலேயே வைத்திருந்த தோணித்துறைக் கேப்டன் எஃப்ரயிம் ஸ்டோர். மற்றவர், அவருக்கு அடுத்த இடத்தில் அமர்ந்திருந்த சபைப் பள்ளியின் பாலர் வகுப்பு ஆசிரியை தர்ஸா ஹெப்டன். கேப்டன் தம் தாளை முதலிற் கொடுத்தார். தர்ஸா பின்னர்க் கொடுத்தாள்.

நகரத்தினின்று நடுவராக அழைக்கப்பட்டிருந்த மிஸ் ஸ்கெல்டன் அவ்விரு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே பெஞ்சில பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பேருக்கு இந்த வார்த்தை தோணினது விசித்திரம்தான்" என்றார். அவ்வளவே. மிகுதியை மன்றமே முடித்துக்கொண்டது. மறுநாள் ஆராதனையில், ஏமாற்றியவள் என்று தர்ஸாவின் பெயரைப் போதகர் குளோவர் உரக்க வாசித்தார். இன்று மாலை பள்ளி மணி அடித்தவுடன் அவளிடமிருந்து வகுப்பறைச் சாவியை அவர் வாங்கிக்கொள்வார். அதன்பின் அவளுக்கு அவ்வூரில் வேலையுமில்லை, முகமுமில்லை. அவள் தன் சார்பாக ஒரு சொல்லேனும் சொல்லவில்லை. அதுவே மிஸ் ஸ்கெல்டனை உறுத்தியது.

"இந்தாங்க, கேப்டனோடது. இது டீச்சரோடது" என்று நெட், சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த போட்டித் தாள்களில் இரண்டைக் கழற்றி, இறங்கிவந்து நீட்டினான்.

மிஸ் ஸ்கெல்டன் இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் ஏந்தினார். "இந்தத் தாளெல்லாம் எங்கேருந்து வருது நெட்?"

"சுவர்க்காகிதம் ஒட்டுறவங்க வெட்டி எறியற ஓரம். ஓசி. இந்த ஊர்க்காரங்க ஓசின்னா பல்வலியக்கூட வாங்கி வச்சுக்குவாங்க."

"எல்லாம் ஒரே நீளமா?"

"நீலப் புள்ளிலேருந்து அடுத்த நீலப் புள்ளி வரைக்கும் வெட்டுவாங்க. தலைல ஒரு புள்ளி, கால்ல ஒரு புள்ளி."

"அப்ப கேப்டன் தாளோட கால் எங்க?"

நெட் குனிந்து நோக்கினான். தலையில் நீலப் புள்ளி இருந்தது. காலில் இல்லை. மற்றத் தாள்களிற் பாதி நீளமே இருந்த அத்தாளின் அடி, நகத்தால் மடித்துக் கவனமாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

"தப்பா எதையோ எழுதிட்டுக் கிழிச்சிருப்பார்."

"கடைசி வார்த்தை இங்கேயே இருக்கே. கிழிஞ்ச ஓரத்துக்கு மேலேயே படகு நிக்குது. இந்த ஊர்ல ஏணி எப்படிக் கட்டுவாங்கன்னு நீதானே எனக்குச் சொன்னே?"

நெட்டின் புருவங்கள் உயர்ந்தன. ஸ்கார்த்விக்கில் எவரும் மேலிருந்து கீழாக நேரே எழுதிச் செல்வதில்லை. முதற்சொல்லைத் தாளின் தலையிலும் கடைசிச் சொல்லைத் தாளின் அடியிலும் முன்னதாக எழுதிவிட்டு, மேலிருந்து ஒரு படியும் கீழிருந்து ஒரு படியுமாகக் கட்டிவந்து நடுவில் இணைப்பதே அவர்களுடைய வழக்கம். ஆதலின் யோசித்துக் கட்டிய ஏணியின் நடுவில் சொற்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். தர்ஸாவின் தாளில் அவ்வாறே நின்றன. கேப்டனுடைய தாளிலோ ஆறு சொற்களும் அணிவகுப்பு வீரரைப் போலச் சம இடைவெளியில் நின்றன.

"அடியில படகை முதல்லயே எழுதியிருந்தா, கிழிக்கும்போது அதுவும் போயிருக்கும். அவர் மேலேருந்து வரிசையா எழுதிட்டே வந்தார். பாதித் தாள்லயே முடிஞ்சுபோச்சு. கீழ வெறும் தாள் நீட்டிக்கிட்டு நின்னா, பார்க்கிறவங்களுக்கு உடனே புரிஞ்சிடும்னு கிழிச்சிருக்கார்."

"எழுதினதக் கிழிக்கிறவங்கள எனக்குத் தெரியும். எங்க மாமா ஒருத்தர் கல்யாணச் சான்றிதழையே கிழிச்சுட்டுக் கப்பலேறினாரு. எழுதாததக் கிழிச்ச ஆளை இப்பத்தான் மேடம் பார்க்கிறேன்" என்றான் நெட். பிறகு தர்ஸாவின் தாளைச் சுட்டினான். "இந்தம்மா ஏன் மொதல் வார்த்தையையும் கடைசி வார்த்தையையும் மட்டும் மைய ஊத்தி இவ்வளவு தடியா எழுதியிருக்காங்க? நடுவுல இருக்கிற நாலும் எறும்பு மாதிரி இருக்கு."

மிஸ் ஸ்கெல்டன் அத்தடித்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"சனிக்கிழமை இந்த ரெண்டும் என் கையிலதான் இருந்துச்சு நெட். நான் தாளைப் பார்க்கல. ஆளைப் பார்த்தேன். கோப்பைக்காரர் காப்பியடிப்பாரான்னு நினைச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் நெட்டின் முகத்தை நோக்கவில்லை.

பள்ளியில் நண்பகல் இடைவேளை. பிள்ளைகள் வெளியே கூச்சலிட்டுக்கொண்டிருக்க, தர்ஸா ஹெப்டன் ஈரத்துணியால் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குட்பட்ட, ஒடிசலான பெண். வந்தவர்களைக் கண்டும் அவள் கை நிற்கவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா மிஸ், கேள்வி கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

"கேள்வியக் கேட்டுடுங்க. மணி அடிக்கப் போகுது."

"கேப்டன் உங்களைப் பார்த்துத்தான் எழுதினார். தாளைக் கிழிச்சார். ரெண்டையும் நீங்க பார்த்திருக்கீங்க. அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

துணி சிலேட்டின்மேல் நின்றது.

"நான் காப்பியடிச்சேன்னு ஒரு நாளும் ஒத்துக்கல. ஆனா நான் தப்பே செய்யலன்னும் சொல்ல முடியாது. விதின்னா விதிதானே. மிச்சத்த அவர்கிட்டயே கேளுங்க. நான் வாயத் திறந்தா இன்னொருத்தர் பிழைப்புல மண் விழும்."

"உங்க பிழைப்புல விழுந்தது என்ன, சர்க்கரையா?" என்றான் நெட்.

தர்ஸாவின் உதட்டோரம் சற்றே நெகிழ்ந்து மீண்டும் இறுகியது. "காலையில கணக்குப் போடச் சொன்னேன். முன் வரிசையில ஒரு குட்டிப் பொண்ணு. அஞ்சு வயசு. சிலேட்டக் கையால மறைச்சுக்கிட்டே எழுதினா. ஏன்டி கண்ணுன்னு கேட்டேன். 'நீங்க பார்த்துடுவீங்க டீச்சர், அம்மா சொன்னாங்க'ன்னா."

மிஸ் ஸ்கெல்டன் கொண்டுவந்திருந்த மன்னிப்பு இதற்குப் போதாது. அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்தார்.

துறைக்குச் செல்லும் சரிவில் நெட் பேசிக்கொண்டே வந்தான். "ஒரு தகரக் கோப்பைக்காக இப்படியா? அதுவும் கேப்டன். மீனையும் படகையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கட்டிக் குடுப்பாரே. அவருக்குக் காப்பி எதுக்கு?"

மிஸ் ஸ்கெல்டன் சட்டென நின்றார். "இன்னொரு தடவை சொல்லு."

"தகரக் கோப்பைக்காக..."

"அது இல்ல. அவர் எங்க உக்காந்திருந்தார்?"

"கடைசிப் பெஞ்சு. கோப்பை வச்சிருக்கிறவருக்குக் கடைசிப் பெஞ்சுதான் மரியாதை. அங்கேருந்து எல்லார் முதுகையும் பார்க்கலாம்ல."

"முதுகைப் பார்க்கலாம்" என்று மெல்லக் கூறிய மிஸ் ஸ்கெல்டன், நடையை விரைவுபடுத்தினார். "நெட், அக்கரைக்குப் போவோம். நீ அங்க இறங்கிக்கோ. நான் கேப்டனோட திரும்பி வந்துடுவேன். நான் இக்கரை சேர்ந்ததும், அந்தத் துறையில இருக்கிற பலகையத் தூக்கி வெள்ளைப் பக்கத்தக் காட்டு. நல்லா உயரமா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இந்தக் காத்துல நான் மட்டும் அங்க நிக்கணும். கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே தொலைக்கிறதுக்குத் திட்டம் போடுற முதலாளிய எந்த ஊர்லயும் பார்க்க முடியாது."

கேப்டன் ஸ்டோர் தோணியின் பின்முனையிற் சுக்கானைப் பற்றி நின்றிருந்தார். வெண்தாடி, அகன்ற தோள், எண்ணெய்த்துணிச் சட்டை. நெட் ஏதோ முணுமுணுத்தவாறு படியிறங்கியபோதே அவர் முகம் மலர்ந்தது. "நெட்டுதானே? உன் வாய் மொதல்ல ஏறிடுது, நீ பின்னால வர்றே."

"வாய்க்குத் தனி டிக்கெட் கேக்காதீங்க கேப்டன்."

ஆற்றுமுகம் அங்கே அகன்று கிடந்தது. கேப்டன் மணல்திட்டுகளைச் சுற்றித் தோணியை ஒரு பிசகுமின்றி நடத்தினார். அக்கரைத் துறையில் ஒரு பலகை உண்டு. ஒருபுறம் கறுப்பு, மறுபுறம் வெள்ளை. பயணி எவரேனும் காத்திருந்தால் வெள்ளைப் பக்கத்தை ஆற்றை நோக்கித் திருப்பி வைப்பார். அதைக் கண்டு தோணி புறப்படும். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் அவ்வாறே.

நெட்டை இறக்கிவிட்டு இருவரும் மீண்டபோது பிற்பகல் சாய்ந்திருந்தது. கேப்டன் கயிற்றை முளையில் மாட்டிவிட்டுப் புகைக்குழாயை எடுத்தார்.

"கேப்டன், அக்கரையில யாராவது நிக்கிறாங்களா?"

கேப்டன் நிமிர்ந்து, தயங்காமல் ஆற்றை நோக்கினார். "பலகை கறுப்புதான். இந்நேரத்துக்கு ஈ காக்கா வராது."

"நெட் அந்தப் பலகையத் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டு ஆடிக்கிட்டிருக்கான், கேப்டன். வெள்ளைப் பக்கம் நம்மப் பார்த்துத்தான் இருக்கு."

புகைக்குழாய் பாதிவழியில் நின்றது.

"எவ்வளவு நாளா?" என்று மிஸ் ஸ்கெல்டன் வினவினார்.

"கோடை முடியறப்போ ஆரம்பிச்சுது. கிட்டத்துல இருக்கிறது நல்லாத் தெரியுது. தூரத்துல எல்லாம் கண்ணாடில ஆவி படிஞ்ச மாதிரி." அவர் தம் பூட்ஸை நோக்கிப் பேசினார். "இந்த ஆறு எனக்கு மனப்பாடம். சத்தத்த வச்சே போயிடுவேன். வைத்தியர்ட்ட போனா தோணிய வாங்கிடுவாங்க."

"பிள்ளைங்க ஏறுற தோணி."

"தெரியும். தினமும் அவங்கள எறக்கி விட்டுட்டு ஒரு நிமிஷம் அப்படியே நிப்பேன். அப்புறம் அடுத்த தடவையும் ஏத்துவேன்."

"சனிக்கிழமை உங்களுக்குத் தெரியாதது விடை இல்ல. கேள்வி" என்றார் மிஸ் ஸ்கெல்டன். "பலகையில என்ன எழுதியிருக்குன்னே உங்களுக்குத் தெரியல. யாரும் வாயால சொல்லவும் மாட்டாங்க. கேக்கவும் முடியாது."

கேப்டன் தலையசைத்தார். "அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் பக்கத்துத் தாள எட்டிப் பார்த்தேன். சத்தியமா அவ்வளவுதான். ஆனா நடுவுல இருந்ததும் கண்ணுல பட்டுடுச்சு. பட்டுட்டா அப்புறம் வேற வழியே மண்டையில வர மாட்டேங்குது. எங்க திரும்பினாலும் அதே கற்பதுக்கை. நேரம் போயிட்டே இருந்துச்சு. கை அதுபாட்டுக்கு எழுதிடுச்சு. அந்தப் பொண்ணு பார்க்கல, தன் பாட்டுக்குக் குனிஞ்சிருந்தா. அதுல ஒரு தைரியம்."

சொல்லப்போவது அம்முதியவரை எவ்வாறு தாக்கும் என்பதை மிஸ் ஸ்கெல்டன் அறிவார். எனினும் சொல்லாமலிருப்பது, தர்ஸாவுக்கு அவர் முன்பு இழைத்த தீங்கை இன்னொரு முறை இழைப்பதாகும்.

"பார்த்தாங்க கேப்டன். நீங்க கழுத்த நீட்டித் தவிக்கிறதப் பார்த்ததும் அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. மொத வார்த்தையையும் கடைசி வார்த்தையையும் மட்டும் மறுபடி மறுபடி மையால தடிமனாக்கினாங்க. தாள்ல இன்னும் அப்படியே இருக்கு. தாளைக் காட்டுறது விதிப்படி தப்பு. தெரிஞ்சேதான் காட்டினாங்க. ஆனா அவங்க உங்களுக்குக் குடுத்தது கேள்வியத்தான்."

கேப்டன் தோணியின் விளிம்பில் மெதுவாக அமர்ந்தார். "விடைய நான் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

அக்கரையினின்று நெட்டின் குரல் காற்றில் மிதந்து வந்தது. சொற்கள் தெளிவாக விளங்கவில்லை, ஆயினும் அவை ஆராதனைக்கு உரியனவல்ல என்பது மட்டும் தெளிவு.

"நேத்து ஆலயத்துல முன் வரிசையில உக்காந்திருந்தேன்" என்றார் கேப்டன். "போதகர் அவ பேரை வாசிச்சாரு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நானும் திரும்பினேன். பின்னால இருந்த அவ முகம் எனக்குத் தெரியல. தெரியலைங்கிறது அந்த நேரத்துல எனக்கு வசதியா இருந்துச்சு மிஸ்."

அவர் எழுந்தார். முளையில் மாட்டியிருந்த கயிற்றை இழுத்து, நீண்ட பயணம் முடித்து வந்தவர் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினார். நண்டுப் படகு ஒன்று கரையொதுங்கிக்கொண்டிருந்தது. அதன் உடையவனை அழைத்து, அக்கரையில் நிற்பவனை ஏற்றிவருமாறும், மாலையிற் பள்ளிப் பிள்ளைகளை அவனே கொண்டுவிடுமாறும் சொன்னார். காரணம் கேட்டவனுக்கு, "எல்லாருக்கும் சொல்லத்தான் மேல போறேன்" என்றார்.

"நானே போய்ச் சொல்லிடட்டுமா?" என்று மிஸ் ஸ்கெல்டன் வினவினார்.

"வேணாம். படியில கொஞ்சம் கை குடுங்க, போதும்."

அவர்கள் பள்ளியை அடைந்தபோது மாலை மணி அடித்துவிட்டிருந்தது. பிள்ளைகள் மேலங்கிகளுக்காக முண்டிக்கொண்டிருந்தனர். வகுப்பறை வாயிலில் போதகர் குளோவர் உள்ளங்கையை நீட்டி நின்றார்; தர்ஸா அதன்மேல் சாவியை வைக்கும் தறுவாயில் இருந்தாள்.

"போதகர் ஐயா, அதை வாங்காதீங்க" என்று கேப்டன் கூறினார். கூறத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. கண்ணைப் பற்றியும், எட்டிப் பார்த்ததைப் பற்றியும், கிழித்த தாளைப் பற்றியும், தோணியில் ஏறிய பிள்ளைகளைப் பற்றியும் ஒன்றையும் மழுப்பாமல் சொல்லி முடித்தார். போதகரின் முகம் முதலில் வெளுத்தது; பின்பு சிவந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று அறியாமல், அவர் அதைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டார்.

"அப்படியா சங்கதி. சரி. எல்லாருக்கும் கஷ்டமான விஷயம்தான்" என்றார் அவர் தணிந்த குரலில். "மிஸ் ஹெப்டன், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். கேப்டனோட கண்ணைப் பத்தித் துறை அதிகாரிகிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன். நம்ம நாலு பேரோட இது முடிஞ்சதா இருக்கட்டும்."

மிஸ் ஸ்கெல்டன் வாய் திறக்குமுன் தர்ஸா பேசினாள். அவள் குரல் உயரவில்லை.

"பேரை அவ்வளவு சத்தமா வாசிச்சீங்க, போதகர் ஐயா. சாவிய மட்டும் இவ்வளவு மெதுவாக் குடுத்தா எப்படி?"

போதகர் வெளிவாயிற் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் எனக்கு முன்னால தலைகுனியணும்னு நான் கேக்கல. கேப்டன் தோணிய விடணும்னு சனிக்கிழமையே நான் சொல்லியிருக்கணும். பிள்ளைங்க ஏறுதுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். அது என் வெக்கம். அதை நான் பார்த்துக்கிறேன். உங்க ஒவ்வொருத்தர் வெக்கமும் அவங்கவங்களோடது." அவள் மிஸ் ஸ்கெல்டனை நோக்கினாள். "நீங்க எல்லாரும் சத்தமாச் சொன்னத, சத்தமாவே திருப்பிச் சொல்லிடுங்க. அது போதும்."

வெளிவாயிலில், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த தாய்மார் குளிரில் குழுமியிருந்தனர். மிஸ் ஸ்கெல்டன் அங்கே சென்று, தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். குற்றவாளிகள் பலரை நீதிமன்றக் கூண்டில் ஏற்றியவர் அவர். அக்கூண்டு எவ்வளவு உயரமென்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"சனிக்கிழமை மன்றத்துல நான் தர்ஸா டீச்சரப் பத்திப் பேசினது தப்பு. கையில இருந்த தாளைக்கூடச் சரியாப் பார்க்காம பேசிட்டேன். அவங்க யாரையும் பார்த்து எழுதல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. போதகர் மெல்ல முன்வந்து, ஞாயிறன்று தாம் வாசித்தது பொய்யென்றும், வரும் ஆராதனையிலும் அதைக் கூறப்போவதாகவும் சொன்னார். உடல் முழுதும் நண்டு நாற்றத்தோடு ஓடிவந்த நெட், பலகை பிடித்த கையைத் தேய்த்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, கேப்டனின் முகத்தைக் கண்டதும் சொல்லாமல் ஓரமாக நின்றான்.

கேப்டன் ஸ்டோர் குழுவின் முன் வந்தார். எவர் எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திராது. நிழல்களை நோக்கியே அவர் பேசினார்.

"நான்தான் அந்தப் பொண்ணப் பார்த்து எழுதினேன். எனக்குத் தூரத்துல கண்ணு தெரியல. கோடைலேருந்தே தெரியல. தெரிஞ்சிருந்தும் உங்க பிள்ளைங்களத் தோணியில ஏத்தினேன். இனிமே ஏத்த மாட்டேன்."

அக்கரையில் வாழும் மீன்காரியொருத்தி, தன் இரு பிள்ளைகளையும் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பிள்ளையை விட்டுவிட்டு, கேப்டனுக்கு மிக அருகில், அவர் தன் முகத்தைக் காணுமளவு அருகில் வந்து நின்றாள்.

"எனக்குக் கேட்டுச்சு கேப்டன்" என்றாள் அவள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

கேப்டன் பின்வரிசையை நோக்கி முகத்தை உயர்த்தினார். பின்பு முதலிலிருந்து, முன்னினும் உரத்த குரலில், மீண்டும் சொல்லத் தொடங்கினார்.